மூடிய தேக்சாவும் மூன்று கேள்விகளும்

வலீமா விருந்து முடிந்த பின் மண்டபத்தின் பின்கட்டுக்குச் சென்றவர்கள் அந்தக் காட்சியை அறிவார்கள். மூடி திறக்கப்படாத ஒரு தேக்சா பிரியாணி. அதைச் சுற்றி நின்று, "இதை என்ன செய்வது?" என்று ஒருவரையொருவர் கேட்கும் வீட்டார். அல்லாஹ் அளித்த ரிஸ்க்கு குப்பைக்குப் போகக்கூடாது என்ற கலக்கம் எல்லாருக்கும் உண்டு. யாரிடம் சேர்ப்பது என்பதுதான் தெரிவதில்லை.

உண்ணவும் பருகவும் அனுமதித்த அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனமே விரயத்தையும் தடுக்கிறது. நாம் அதை ஜும்ஆவில் கேட்கிறோம், மண்டபத்தில் மறந்துவிடுகிறோம். 2022ஆம் ஆண்டில் உலகம் ஏறத்தாழ 105 கோடி டன் உணவை வீணாக்கியது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டுள்ளது. இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 55 கிலோ. இது வீட்டுக் கணக்கு மட்டும். மண்டபங்கள் இதில் சேரா.

கோவையில் கணினி படிக்கும் என் அக்காள் மகன் சென்ற விடுமுறையில் வந்திருந்தபோது, "மாமா, அங்கே இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது" என்றான். அவன் சொன்னது 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பை. பத்மநாபன் கோபாலனும் நண்பர்களும் 2014இல் கோவையில் தொடங்கியது அது. மீந்த உணவு இருப்பதாகத் தகவல் கொடுத்தால் தன்னார்வலர்கள் வந்து, உண்ணத் தக்கதா என்று பார்த்து எடுத்துச் செல்கிறார்கள். பசித்தோர் இருக்கும் இடங்களை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். சென்னை பெசன்ட் நகரில் பல் மருத்துவர் ஈசா பாத்திமா ஜாஸ்மின் 2017இல் நிறுவிய 'அய்யமிட்டு உண்' என்ற பொதுக் குளிர்பெட்டியும் இதே நோக்கத்தது. வைப்பவர் வைக்கலாம், எடுப்பவர் எடுக்கலாம். யாரும் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை என்பதே அதில் என்னைக் கவர்ந்தது.

ஆனால் திருநாவலூர் கோவையன்று. சுந்தரர் பிறந்த ஊர் என்று தமிழகம் அறிந்த இவ்வூரிலிருந்து எங்கள் கல்யாணங்களுக்கு உளுந்தூர்பேட்டைக்கோ பண்ருட்டிக்கோ போகிறோம். இங்கே செயலி ஒன்றைச் செய்து யார் தரவிறக்குவார்கள்? ஆகவே மருமகன் ஓர் இணையப் படிவமும் வாட்ஸ்அப் குழுவும் மட்டுமே அமைத்தான். படிவத்தில் மூன்று கேள்விகள்: என்ன உணவு, எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கியது, எத்தனை பேருக்குப் போதும்.

முதல் கேள்வி மரியாதைக்கானது. பெறுபவர்களில் பெரும்பாலோர் மாற்றுமதச் சகோதரர்கள். எந்த இறைச்சி, அல்லது மரக்கறியா என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை. இரண்டாவது கேள்வி உயிருக்கானது. அரிசியில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்றொரு கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். அவை சமையல் சூட்டிலும் பிழைக்கும். சோறு வெதுவெதுப்பாகவே நெடுநேரம் கிடந்தால் பெருகி நஞ்சு உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்நஞ்சு போகாது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பமே ஆபத்தானது. பகல் ஒரு மணிக்கு இறக்கிய பிரியாணியை இரவு எட்டு மணிக்கு ஏழைகளுக்கு அனுப்பலாம் என்று ஒரு வீட்டார் கேட்டபோது மறுத்தோம். "வீணாகப் போகிறதே" என்று வருந்தினார்கள். நாம் கண்ணை மூடிக்கொண்டன்றி ஏற்காத பொருளைப் பிறருக்குக் கொடுக்க நாடாதீர்கள் என்ற கருத்து அல்பகராவின் 267ஆம் வசனத்தில் இருக்கிறது. அதைத்தான் அவர்களுக்கு நினைவூட்டினேன்.

சஹனில் மீந்ததை நாங்கள் எடுப்பதே இல்லை. நால்வர் கைபட்ட உணவு எச்சில். தேக்சாவில் இருப்பது மட்டுமே மீதம். சஹனைக் குறையாக நிரப்பி, கேட்கக் கேட்கப் பரிமாறினால் தேக்சாவில் அதிகம் தங்கும் என்று பண்டாரி ஒருவர் சொன்னார். சில வீடுகள் அப்படிச் செய்யத் தொடங்கிவிட்டன. சில வீடுகளுக்கு அது கௌரவக் குறைச்சல்.

எனக்கும் மருமகனுக்கும் ஒரே ஒரு விஷயத்தில் உடன்பாடில்லை. கரும்பு வெட்ட வந்தவர்களின் குடிசைகளில் உணவு கொடுத்ததைப் படமெடுத்துக் குழுவில் போட வேண்டும் என்றான். "படம் பார்த்தால்தான் மாமா, நாலு பேர் சேருவார்கள்." அவன் சொல்வதில் உண்மை உண்டு. படம் இல்லாததால் குழு மெல்லவே வளர்கிறது. எனினும் பகலெல்லாம் வெயிலில் வெட்டிவிட்டுத் தட்டோடு அமர்ந்திருப்பவரின் முகத்தைக் காட்டி நம் கொடையை விளம்பரப்படுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டிப் புண்படுத்தினால் தர்மம் பாழாகும் என்று 264ஆம் வசனம் எச்சரிக்கிறதே. இப்போதைக்குத் தேக்சாவின் படம் மட்டும் போடுகிறோம், காலியான பிறகு.

நோன்பு காலத்தில் பள்ளிவாசல் வாசலில் தூக்கோடு வரும் எவரையும் நாம் பெயர் கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை. கஞ்சி ஊற்றி அனுப்புகிறோம். படிவத்தில் பெறுபவரின் பெயருக்கு இடமே வைக்காததற்கு அதுவே முன்மாதிரி.

கல்வராயன் மலைக்கு ஏன் அனுப்பக்கூடாது என்று குழுவில் அடிக்கடி கேட்கிறார்கள். பயண நேரத்தைக் கணக்கிட்டால் சமைத்த உணவு அங்கே பத்திரமாகப் போய்ச் சேராது. சமைக்காமல் மிஞ்சிய அரிசி, பருப்பு, எண்ணெய் போகும். அதற்காகப் படிவத்தில் நான்காவதாக ஒரு கேள்வியைச் சேர்க்க மருமகனிடம் சொல்லியிருக்கிறேன். தேர்வு முடிந்ததும் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறான், இன்ஷா அல்லாஹ்.