விளிம்பில் நின்ற பாத்திரம்

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. துறையூரில் பள்ளியின் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பிற்பகல் இரண்டரை மணியளவில் சென்னையிலிருந்து என் தங்கை அழைத்தாள். "அண்ணா, வீடு ஆடிற்று. அம்மாவைக் கைத்தாங்கலாகப் படியிறக்கித் தெருவில் நிற்கிறோம்" என்றாள். அவர்கள் குடியிருந்தது மூன்றாம் மாடி, அம்மாவுக்கோ மூட்டுவலி.

"பெரியது வந்துபோய்விட்டது. இனி அஞ்ச ஒன்றுமில்லை, மேலே செல்லுங்கள்" என்றேன். தமிழாசிரியனாகிய நான் புவியியலில் அத்தனை உறுதியோடு பேசியது ஏனென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. என் சொல்லை நம்பி அவர்கள் ஏறினார்கள். மாலை நாலேகாலைக் கடந்தபோது வீடு மீண்டும் ஆடிற்று. இறங்கும் வழியில் அம்மா படியிலேயே அமர்ந்துவிட்டார். ஊறொன்றும் நேரவில்லை, ஆயினும் அன்றிரவு அவர் என்னோடு பேசவில்லை.

அந்த மௌனமே என்னைப் படிக்கச் செய்தது. சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் பிற்பகல் 2.08க்கு 8.6 அளவில் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதிலிருந்து 200 கி.மீ.க்கும் குறைவான தொலைவில், 4.13க்கு 8.2 அளவில் மற்றொன்று நிகழ்ந்தது. பாறைகள் பக்கவாட்டில் நழுவியதால் 2004இல் வந்ததுபோன்ற ஆழிப்பேரலை எழவில்லை. ஓரிடத்தில் பாறை பிளந்து நழுவும்போது அங்கிருந்த இறுக்கம் தளர்கிறது; ஆனால், அண்டைப் பகுதிகள் சிலவற்றில் அது கூடுகிறது. நான் தளர்ச்சியை மட்டுமே அறிந்திருந்தேன்.

இதனினும் என்னை வியக்க வைத்தது வேறொன்று. அந்நிலநடுக்கத்தை அடுத்த ஆறு நாள்களில், உலகெங்கும் 5.5 அளவுக்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் வழக்கத்தைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு பெருகின என்று பிரெட் பொலிட்சும் அவர்தம் குழுவினரும் அதே ஆண்டில் 'நேச்சர்' இதழில் எழுதினர். 2004 டிசம்பர் 26இல் சுமத்திராவில் எழுந்த அலைகள் ஏறத்தாழ 11,000 கி.மீ. கடந்து அலாஸ்காவின் ராங்கல் எரிமலையை அடைந்தபோது, அதன் அடியில் சிறுசிறு நடுக்கங்கள் தோன்றின.

அவ்வளவு தொலைவு செல்லும் அலை எதனை அசைக்கும்? கரும்பேற்றிய லாரி தெருவில் செல்லும்போது எங்கள் வீட்டு அலமாரிப் பாத்திரங்கள் எல்லாமே அதிரும். விழுவதோ விளிம்பில் நின்ற ஒன்றுதான். லாரி வராவிடினும் அது என்றேனும் விழுந்திருக்கும். நிலத்தடிப் பிளவுகளும் அத்தகையனவே. நழுவும் நிலையை ஏற்கெனவே எட்டியவற்றையே தொலைதூர அலை தூண்டுகிறது. பெருநிலநடுக்கங்கள் பலவும் தொலைவில் வேறொரு பேரதிர்வை எழுப்பாமலே அடங்கிவிடுகின்றன. 2012இல் நிகழ்ந்தது அரிதான ஒன்று. எந்தப் பாத்திரம் விளிம்பில் நிற்கிறது என்பதை முன்கூட்டிக் காணும் கருவி மட்டும் இன்னும் நம்மிடம் இல்லை.

இன்றும் எங்கேனும் நிலநடுக்கச் செய்தி வந்தால் தங்கை அழைத்து, "அண்ணா, இங்கேயும் வருமா?" என்று கேட்கிறாள். "அவ்விடத்துக்கு அருகில் மீண்டும் வரக்கூடும், தொலைவில் வருவது அரிது" என்கிறேன். பிறகு, அம்மாவிடம் தொலைபேசியைத் தரச் சொல்கிறேன்.