பாவம் பார்த்து வாங்காத மீன்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கடல் மீன் பதினோரு நாள்தான் இருந்தது.

'ஃபைண்டிங் நீமோ' படத்தில் டோரி என்று ஒரு நீல மீன் வருமே, அதேதான். ஏழாவது படிக்கும் மகளின் பிறந்தநாளுக்காகச் சென்னை கொளத்தூரில் ஒரு கடையில் வாங்கினோம். தொட்டி விஷயத்தில் நாங்கள் அவசரப்படவே இல்லை. செயற்கைக் கடல் உப்பு கலந்து, பாறை அடுக்கி, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளர வேண்டும் என்பதற்காக ஆறு வாரம் மீனே இல்லாமல் மோட்டாரை ஓட விட்டோம். அந்த அக்கறையில் பாதியை மீனைப் பார்ப்பதில் காட்டியிருக்கலாம்.

"எது நல்ல கலரா இருக்கு?" என்று கேட்டேன், புடவைக் கடையில் கேட்கிற மாதிரி. கடைத் தம்பியும் வலையைப் போட்டு எடுத்துக் கொடுத்துவிட்டான்.

மூன்றாம் நாள் அது பாறையில் உடம்பைத் தேய்த்தது. "விளையாடுது" என்றார் என் கணவர். ஐந்தாம் நாள் உடம்பு முழுக்க ரவையைத் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள். கூடவே வாங்கிய இரண்டு நீமோக்களுக்கும் ஒட்டிக்கொண்டது. அவை இன்னும் நான்கு நாள் தாங்கின. மொட்டை மாடியில் செம்பருத்தித் தொட்டியில் மகள்தான் மூன்றையும் புதைத்தாள்.

அந்த ஒட்டுண்ணி மீன் இல்லாவிட்டால் தானே அழிந்துவிடும். ஆனால் அதற்கு இரண்டரை மாதம் காத்திருக்க வேண்டும். காலியான தொட்டியைப் பார்த்துக்கொண்டே நிறையப் படித்தோம். டோரி ஒரு அடி வரை வளரும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. எங்கள் மூன்றடித் தொட்டியில் அது எப்படித் திரும்பும்? கடையில் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இரண்டாம் முறை போனபோது எதையும் உடனே வாங்கக் கூடாது என்று முடிவு. தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளிப் பத்து நிமிடம் சும்மா நின்றோம். கண்ணாடியை ஒட்டி நின்றால் எல்லா மீனும் தீனிக்காகச் சுறுசுறுப்பாகிவிடும், சோம்பல் தெரியாது. முதலில் பக்கத்துத் தொட்டிகளைப் பார்த்தோம். பல கடைகளில் வரிசையாக இருக்கும் தொட்டிகளுக்கெல்லாம் ஒரே தண்ணீர்தான் சுற்றிவரும். ஒன்றில் செத்த மீன் மிதந்தால் மற்றவையும் சந்தேகம்தான்.

மகள் கைக்கடிகாரத்தை வைத்துச் செவுள் அசைவை எண்ணினாள். ஒரே இனத்து மீன்களில் ஒன்று மட்டும் வேகமாக மூச்சு வாங்கினால் அது வேண்டாம். கண் தெளிவாக இருக்க வேண்டும், மங்கலாகவோ பிதுங்கியோ இருக்கக் கூடாது. துடுப்பு லேசாகக் கிழிந்திருந்தால் ஆறிவிடும். ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் விட்டுவிடலாம். இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்று: மீனைப் பக்கவாட்டில் மட்டும் பார்க்காமல் முகத்துக்கு நேராகவும் பார்க்க வேண்டும். பட்டினி கிடக்கும் மீனுக்கு வயிறு உள்வாங்கியிருக்கும், தலைக்குப் பின்னால் சதை ஒட்டிப்போயிருக்கும். பக்கவாட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும் நேரே பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எங்கள் டோரியின் பழைய போட்டோ ஒன்று அப்படி எடுத்தது. அதில் எல்லாமே தெரிகிறது.

"தம்பி, கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுப்பா."

"இப்பதான் போட்டேன்க்கா" என்றான் முதலில். நாங்கள் நகரவில்லை என்றதும் போட்டான்.

வந்து எத்தனை நாள் ஆச்சு, கடலில் பிடித்ததா, பொரிப்பகத்தில் பிறந்ததா என்றும் கேட்டோம். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் பவளப்பாறை இடுக்கில் சயனைடு பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் 1960-களிலேயே வந்துவிட்டது. தடை இருந்தும் அது முழுதாக ஒழியவில்லை. அப்படிப் பிடித்த மீன் கடையில் பளபளவென்று இருந்துவிட்டுச் சில வாரத்தில் செத்துப்போகும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தொட்டியில் பிறந்த நீமோ வகை மீன்களுக்கு அந்தப் பயம் வேண்டாம். நம் மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் இருக்கும் ஆராய்ச்சி மையங்களே அவற்றைத் தொட்டியில் பொரிக்க வைத்துக் காட்டியிருக்கின்றன. தொட்டியிலேயே பிறந்ததால் குருணைத் தீனியும் பழகியிருக்கும். அப்படி இரண்டைத் தேர்ந்தெடுத்தோம்.

பணம் கொடுக்கும்போதுதான் மகள் என் துப்பட்டாவை இழுத்தாள். கீழ்வரிசை மூலையில் ஒரு பட்டாம்பூச்சி மீன். நீண்ட மூக்கு, ஆரஞ்சுப் பட்டைகள். வயிறு ஒட்டிப்போய்க் குழாயின் பின்னால் நின்றது. பவளப்பாறை இடுக்குகளில் கொத்தித் தின்று பழகிய இனம். தொட்டிக்கு வந்தால் பல சமயம் எதையும் தொடாது.

"அம்மா, பாவம்மா. நாம கொண்டு போனா பொழைச்சிடும்."

"சாப்பிடுதா?" என்று தம்பியைக் கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் பாலிதீன் பையில் ஆக்சிஜன் நிரப்பிக்கொண்டிருந்தான்.

நாம் வாங்கினால் கடைக்காரர் அதே மீனை இன்னொன்று வரவழைப்பார், அதுவும் இப்படித்தான் நிற்கும் என்றேன். சரியாகத்தான் சொன்னேன். ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் அதைச் சொல்லும்போது நான் ஏதோ வட்டிக்கடைக்காரி போலத்தான் உணர்ந்தேன். வீடு வரும்வரை அவள் பேசவில்லை.

புது மீன்களை நேரே பெரிய தொட்டியில் விடவில்லை. ஹாலில் ஒரு சின்னத் தொட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு துண்டு பி.வி.சி. பைப். ஒரு மாதம் அதில்தான். பார்க்க அசிங்கமாக இருந்தது, விருந்தாளிகள் கேட்டார்கள். இருக்கட்டும். இரண்டும் இரண்டாம் நாளே சாப்பிட ஆரம்பித்தன.

அடுத்த ஞாயிறு உப்பு வாங்கக் கொளத்தூர் போனபோது மகள் என்னை விட்டுவிட்டு நேராகக் கீழ்வரிசைக்குப் போனாள். மூலைத் தொட்டி காலி.

"அண்ணா, அது வித்துடுச்சா?"

தம்பி என்னை ஒரு தரம் பார்த்தான்.

"ஆமா பாப்பா, வித்துடுச்சு."

அன்று மாலை அவள் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சின்னத் தொட்டியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.