மரத்தூளும் மூச்சும்

உண்ணுஞ் சோற்றிற் சிறு கல்லொன்று பல்லில் நெருடின் உடனே துப்பிவிடுகின்றோம். பருகும் நீரில் துரும்பொன்று மிதப்பின் விரலால் எடுத்தெறிகின்றோம். ஆனால் இரவும் பகலும் இடையறாது உட்கொள்ளும் காற்றிற் கலந்து வருவது யாதென ஆராய்வார் சிலரே. உணவின்றிச் சில வாரமும் நீரின்றிச் சில நாளும் உயிர் தரிக்கும். காற்றின்றியோ சில நிமிடமே. இம்மூன்றனுள் மிகவும் இன்றியமையாததனையே மிகக் குறைவாகப் பேணுகின்றோம் என்பது, கல்லூரிப் பணியினின்று ஓய்வு பெற்றபின் யாம் மேற்கொண்ட தச்சுவேலையால் எமக்கு நன்கு விளங்கிற்று. அதுபற்றிச் சில சொற்களை எம் பழைய கல்லூரியின் ஆண்டுமலர்க்கு எழுத விழைந்தோம்.

சென்னையினின்று புதுவைக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது மரக்காணம். உப்பளங்களாற் பெயர் பெற்ற ஊர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அப்பட்டினத்துக் கரையில் அலைகள் நறுமண மரக்கட்டைகளைக் கொணர்ந்து ஒதுக்கின என்னும் செய்தியும் அந்நூலில் உண்டு. இக்காலத்தில் எமது கொட்டகைக்கு மரம் அலையேறி வருவதில்லை. வாடகை வண்டி ஏறியே வருகின்றது. பூவரசும் வேம்பும் வாகையும், பழைய வீடுகளை இடித்தெடுத்த தேக்கு உத்தரங்களும் எமக்கு வாய்ப்பன. அவற்றால் முக்காலியும் புத்தக அலமாரியும் செய்து உறவினர்க்கு அளித்தல் எமது முதுமையின் பொழுதுபோக்கு.

இவ்வேலையில் எமக்குத் துணை ஓர் உப்பளத்து இளைஞர். உப்புத்தொழிலுக்குக் கோடையே அறுவடைக் காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டாற் பாத்திகள் நீரில் மூழ்கும். உப்பு வாரும் பலகைகள் மூலையிற் சாத்தப்படும். கைகளுக்கு வேலை இராது. அத்திங்கள்களில் அவர் எம்மிடம் வந்து மரம் அறுக்கவும் இழைக்கவும் தேய்க்கவும் கற்றுக்கொண்டார். உப்பு ஒரு துளியும் இல்லாத தேய்ப்புத்தாளுக்குத் தச்சர்கள் உப்புத்தாள் எனப் பெயரிட்டிருப்பது அவருக்குப் பெருநகை. வெண்பாத்தியின் கூசும் ஒளிக்கும் உப்புக்காற்றுக்கும் முகத்திற் சுற்றிய துண்டையே மரத்தூளுக்கும் சுற்றிக்கொள்வார். "இத்துண்டு போதாதா, ஐயா?" என்று ஒருநாள் வினவினார். அவ்வினாவே எம்மை இவ்வாராய்ச்சியிற் செலுத்திற்று.

கைக்கருவி கொண்டு வேலைசெய்த பழைய தச்சனுக்கு இத்தொல்லை குறைவு. இழைப்புளி எழுப்புவது சுருள். உளி எழுப்புவது சில்லு. இரண்டும் காலடியில் வீழும். மின்சாரத்தாற் சுழலும் வட்டவாளும் தேய்ப்பு யந்திரமுமே மரத்தை மாவாக்குவன. அம்மாவின் துகள்கள் எல்லாம் ஒரு தன்மையனவல்ல. ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான் ஆகும். 100 மைக்ரான் அளவுள்ள துகள் ஆளுயரத்தினின்று சில விநாடிகளில் தரையை அடையும். 10 மைக்ரான் துகள், அசையாத காற்றில், ஏறக்குறைய எட்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். 1 மைக்ரான் துகளோ அவ்வுயரம் இறங்க அரைநாளளவு மிதந்து நிற்கும். எனவே, யந்திரத்தை நிறுத்திவிட்டோம், தூசி அடங்கிற்று என்று எண்ணிக் கவசத்தைக் கழற்றுபவன், கண்ணுக்குத் தெரியாத பகுதியையே அதன்பின் உட்கொள்கின்றான். கீற்றிடைப் புகும் காலைக் கதிரொன்று இதனைக் காட்டும். ஜான் டிண்டல் என்னும் விஞ்ஞானி 1870-ல் இலண்டனில் ஒளிக்கற்றை ஒன்றைப் பாய்ச்சி, தூய்மையானதென நாம் நம்பும் காற்றிலும் தூசி நிறைந்திருத்தலைக் காட்டி, தூசியும் நோயும் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அடுத்த ஆண்டிலேயே பஞ்சும் கரியும் அடைத்த சுவாசக் கவசமொன்றைத் தீயணைப்போர்க்கென அமைத்துத் தந்தார்.

மூச்சுக்குக் காப்புத் தேடிய வரலாறு அவர்க்கும் மிக முற்பட்டது. சிவப்புச் சாயம் இடிக்கும் தொழிலாளர் விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலை முகத்திற் கட்டிக்கொண்டதை முதல் நூற்றாண்டினரான உரோமானியப் பிளினி எழுதியுள்ளார். தொழிலாளர் நோய்களைத் தொகுத்து 1700-ல் நூல் வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் இராமசீனி, நோயாளியிடம் அவரது தொழில் யாதென வினவுதலும் மருத்துவன் கடன் என வற்புறுத்தினார். ஆயினும் மரத்தூள் நெடுங்காலம் தீங்கற்றதென்றே கருதப்பட்டது. இங்கிலாந்தில் நாற்காலித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஹை விக்கம் பகுதியில் மரத்தொழிலாளரிடையே மூக்குப் புற்றுநோய் மிகுந்து காணப்படுதலை ஹாட்பீல்டு அம்மையார் முதலிய மருத்துவர்கள் கண்டனர். 1968-ல் அவ்வாராய்ச்சி வெளிவந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1995-ல் வெளியிட்ட நூலில் மரத்தூளை மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் வகுப்பிற் சேர்த்தது. புற்றுநோய் அரிதே; ஆஸ்துமாவும் தோலரிப்பும் மூக்கடைப்பும் அரியனவல்ல. நம்நாட்டுத் தேக்கின் தூளும் சிலர் தோலுக்கு ஒவ்வாது.

எம் தாய்மாமன் நாற்பதாண்டு தச்சராக வாழ்ந்தவர். இறுதிப் பத்தாண்டில் அவருக்கு மல்லிகையும் மண்ணெண்ணெயும் ஒரே மணம். அதாவது, மணமே இல்லை. மரத்தை முகர்ந்தே அதன் பெயர் கூறவல்ல அம்மூக்கு அவ்வாறு ஆனதற்கு மரத்தூளே காரணம் என யாம் துணிந்து சாதியோம். ஆயினும் எம் மருத்துவர் எம் மூச்சுக்குழல் சுருங்கத் தொடங்கியுள்ளதெனக் கூறிய அன்று, மாமனின் முகமே எம் மனக்கண்முன் நின்றது. தச்சுவேலையைக் கைவிடுதல் ஒரு வழி. மூச்சைக் காத்து அதனைத் தொடர்தல் மற்றொரு வழி. யாம் இரண்டாவதைத் தேர்ந்தோம்.

இளைஞரின் துண்டு போதுமா? போதாது. அதன் நூலிடைவெளிகள் நுண்துகளினும் பன்மடங்கு பெரியன. பெருந்தூளைத் தடுத்து, தீங்கு மிக்க நுண்தூளைப் பெரும்பாலும் உள்ளே விடும். நல்ல வடிகட்டியமைந்த அரைமுகக் கவசம் போதுமா? முகத்தோடு பொருந்தின் பெரும்பயன் தரும். ஆனால் நாம் மூச்சை உள்ளிழுக்குங்கால் கவசத்தினுள் அழுத்தம் குறைகின்றது. விளிம்பில் ஓர் இடைவெளி இருப்பின் வெளிக்காற்று வடிகட்டியை நாடாது அவ்வழியே புகும். தாடி அத்தகைய இடைவெளியை உண்டாக்கும். எமக்கோ தாடியும் உண்டு, மூக்குக்கண்ணாடியும் உண்டு. மரக்காணத்து ஈரக்காற்றில் அக்கண்ணாடி மூச்சாவியால் மங்கிவிட்டால், சுழலும் வாளின் முன் நிற்பது குருடன் கிணற்றருகே நடப்பதை ஒக்கும்.

இக்குறைகளை நீக்க எழுந்ததே மின்விசிறியாற் காற்றூட்டும் சுவாசக் கவசம். இடுப்பிற் கட்டிய பெட்டியில் பாட்டரியும் விசிறியும் வடிகட்டியும் இருக்கும். விசிறி வெளிக்காற்றை வடிகட்டி வழியே இழுத்துக் குழாய் மூலம் முகத்தை மூடிய முக்காட்டினுள் செலுத்தும். நாம் இழுப்பதினும் மிகுதியான காற்று வருதலால் மிகுந்தது விளிம்புகளின் வழியே வெளிச்செல்லும். தூசி எதிரேறி உட்புகுதல் அரிதாகும். தளர்ந்த முக்காட்டுக்கு நிமிடத்திற்கு 170 லிட்டர் காற்றேனும் வேண்டுமென்பது அமெரிக்க விதி. தாடி தடையன்று, கண்ணாடி மங்குதல் குறைவு, எம் கோடைக்கு முகத்தில் தென்றல் வீசுவதும் ஓர் ஊதியம்.

இனித் தேர்வு. ஐரோப்பிய முறையில் இம்முக்காட்டுக் கவசங்கள் மூன்று தரமாகப் பகுக்கப்படும். உட்கசிவு முதல் தரத்தில் நூற்றுக்குப் பத்துக்கும், இரண்டாந் தரத்தில் இரண்டுக்கும், மூன்றாந் தரத்தில் ஐந்நூற்றுக்கு ஒன்றுக்கும் மேற்படலாகாது. வீட்டுத் தச்சனுக்கு இரண்டாந் தரம் தக்கது என்பது எம் முடிபு. விசிறி தலையில் இருப்பின் குழாய்த் தொல்லை இல்லை, ஆயின் கழுத்து நோகும். இடுப்பில் இருப்பின் கழுத்துக்கு இன்பம், ஆயின் கடைசல் யந்திரத்தருகே குழாயைக் கட்டொழுங்கு செய்தல் வேண்டும். எம் வயதுக் கழுத்து இடுப்பையே தேர்ந்தது. முகத்தகடு சில்லுத் தாக்குதலைத் தாங்குமெனச் சான்று பெற்றதாக இருத்தல் வேண்டும். காற்றோட்டம் குறைந்தால் ஒலியெழுப்பி எச்சரிக்கும் அமைப்பு மிக அவசியம். ஏனெனில் விசிறி நின்ற முக்காடு காப்பு அன்று, கூண்டு. அந்நிலையில் உடனே தூசியினின்று வெளியேறுதலே செயற்பாலது.

கருவியின் விலை பல பதினாயிரங்களில் தொடங்குகின்றது. ஆனால் வாங்கும் நாளின் விலையே முழுவிலை அன்று. வடிகட்டி ஆண்டுதோறும் வேண்டும். பாட்டரி சில ஆண்டுகளில் தளரும். அவை நம்மூருக்குத் தடையின்றி வருமா என்பதை முதலில் வினவுக. வடிகட்டியைத் தட்டியும் அழுத்தக்காற்றால் ஊதியும் தூய்மை செய்தல் அதனைக் கெடுப்பதாகும். உப்பளக் கரையிலோ வேறொரு பகையும் உண்டு. ஈரமும் உப்பும் கூடிப் பாட்டரியின் செப்பு முனைகளை அரிக்கும். எனவே வேலை முடிந்ததும் நன்னீரிற் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் மணிகள் இட்ட பெட்டியில் மூடி வைக்கின்றோம். இன்னொன்றும் நினைவிற்குரியது. இவ்வடிகட்டி துகளையே தடுக்கும். வார்னிஷ், தின்னர் முதலியவற்றின் ஆவியைத் தடாது. தேக்கின் நறுமணம் முக்காட்டினுள்ளும் எமக்கு எட்டுகின்றது. அது கசிவுக்கு அறிகுறியன்று. ஆவிக்கு வேறு வகை வடிகட்டி வேண்டும்.

இவ்வாறு யாம் எல்லாம் கணக்கிட்டு மிக உயர்ந்த தரமான கவசத்தையே வாங்கத் துணிந்த வேளையில், ஒரு கேள்வி குறுக்கே நின்றது. கொட்டகையில் கவசம் ஒன்று, மூக்கோ இரண்டு. யாம் வடிகட்டிய காற்றை நுகர்ந்து மரந்தேய்க்க, பக்கத்தில் நிற்கும் இளைஞர் யாம் எழுப்பிய தூளைத் துண்டின் வழியே உண்பது எந்த அறத்தின்பாற்படும்? தொழிற் பாதுகாப்பு நூல்களும் இதனையே வேறு சொற்களாற் கூறுகின்றன: தூசியை அது பிறக்குமிடத்திலேயே பிடிப்பது முதற்படி, காற்றோட்டம் அடுத்த படி, முகக்கவசம் கடைசிப் படி. கவசம் அணிந்தவனை மட்டுங் காக்கும். உறிஞ்சும் யந்திரம் அறையிலுள்ளார் அனைவரையும் காக்கும்.

எனவே இரண்டாந் தரக் கவசத்தோடு அமைந்து, மிஞ்சிய பணத்தில் தூசி உறிஞ்சும் யந்திரமொன்று வாங்கி வாளுக்கும் தேய்ப்பு யந்திரத்துக்கும் அதன் குழாயைப் பொருத்தினோம். மழித்த முகத்தினரான இளைஞர்க்கு, நுண்துகள் வடிகட்டியமைந்த அரைமுகக் கவசம் நன்கு பொருந்திற்று. தேய்ப்பு வேலையைக் கூடியவரை கொட்டகைக்கு வெளியே, பிற்பகற் கடற்காற்றில் வைத்துக்கொள்கின்றோம். அப்போதும் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பதில்லை. நின்றால் உடலின் முன்புறத்தில் காற்றுச் சுழன்று தூளை முகத்துக்கே கொணரும். காற்று ஒரு பக்கத்தினின்று மறுபக்கம் கடந்து செல்லுமாறு நிற்றலே முறை. கூட்டிப் பெருக்கும்போதும் கவசத்தைக் கழற்றுவதில்லை. இளைஞர் இப்பொழுது துண்டைத் தோளில் இடுகின்றார். அது வியர்வை துடைக்க மட்டுமே.

எம் ஊருக்கு மேற்கே கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்கள் 2021-ல் புவிசார் குறியீடு பெற்றன. அரும்பாவூர் மரச்சிற்பங்கள் அதற்கு முந்திய ஆண்டில் பெற்றன. சிற்பத்தின் பெயருக்குச் சட்டம் காப்பளித்தது நன்று. சிற்பியின் மூச்சுக்குக் காப்பளித்தல் அவனிடம் வேலைகொள்வோர் கடன். வீட்டுக்கு அலமாரி செய்வித்துக்கொள்ளும் நம் அனைவருடைய கடனுமாம். மாணவ நண்பர்காள்! நாளை நீவிர் வீடு கட்டுவீர், தச்சரை அழைப்பீர். கூலி பேசும்போதே, தூசிக்கு என்ன செய்வீர் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். யந்திரத்துக்கு உறிஞ்சு குழாயும் அவர் முகத்துக்கு ஒரு நல்ல கவசமும் சேர்த்தே செலவைக் கணக்கிடுங்கள். அலமாரியின் விலை சிறிது கூடும். செய்தவர் முதுமையிலும் மல்லிகையை மல்லிகையென்றே அறிவார்.