மூலை மழுங்கிய நீலம்

சனிக்காக நீலம் போடுகிறவர்கள் முதலில் கேட்பது எடையைத்தான். விலை காரட் கணக்கு. இலங்கைக் கற்களை எடை குறையாமல் நீள்வட்டமாகப் பட்டை தீட்டும்போது அடிப்பக்கம் பெரும்பாலும் பருத்துவிடும். அந்த எடை மோதிரத்துக்குள் மறைந்து கிடக்கும். காசு மட்டும் நம்முடையது. கல்லைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் தொப்பை தெரிந்துவிடும்.

பெரம்பலூர் கடையில் என் மகளுக்குப் பிடித்தது சதுரம். நீலக்கல்லின் கடினம் மோஸ் அளவில் 9. ஆனாலும் கூர்மூலை இடிபட்டால் சில்லு தெறிக்கும். அவளோ தினமும் அரியலூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி வேலைக்குப் போகிறவள்.

“மூலையை மட்டும் மழுக்கின மாதிரி வராதாப்பா?” என்றாள்.

வரும். குஷன் என்று அதற்குப் பேர். எடை கொஞ்சம் குறைவுதான். அவள் கைக்கு அதுதான் சரி.