யாழ் நரம்பும் இலத்திரனும்

வாவிக் கரைக் குடும்பமொன்றிலிருந்து ஒருவர் பல்கலைக்கழகம் புகுந்தால், "இதைப் படித்தால் என்ன உத்தியோகம்?" என்பதே ஊரார் கேட்கும் முதல் வினா. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நான் சக்திச்சொட்டுப் பொறியியலைக் கற்ற நாட்களில் என் அன்னையார் கேட்டதோ வேறு: "மனே, அது என்னெண்டு எனக்கும் விளங்கச் சொல்லு பாப்பம்."

ஆங்கிலத்தில் கேட்ட விரிவுரையை அடுப்பங்கரைத் தமிழில் உரைப்பது எங்ஙனம்? அவ்வேளை எனக்குக் கைகொடுத்தவர் சுவாமி விபுலாநந்தர். 1892ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த அப்பெரியார், தமிழ்ப் பேராசிரியராவதற்கு முன்னர் விஞ்ஞான ஆசிரியர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1947இல் வெளிவந்த அவரது யாழ் நூல், நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்குமுள்ள தொடர்பைக் கணித முறையால் ஆராய்கின்றது. அந்த நரம்பையே நானும் பற்றிக்கொண்டேன்.

இரு முனையும் கட்டிய நரம்பு முழுதாய் அதிரும். இரு சம கூறாய் அதிரும். மூன்று சம கூறாய் அதிரும். ஒன்றரைக் கூறாய் அதிர்வதில்லை. கட்டுண்ட முனைகள் அதற்கு இடங்கொடா. இலத்திரனுக்கும் அலைத்தன்மை உண்டென 1924இல் டி புரோய் கூறினார். அவ்வலையைச் சிறு பெட்டியுள் அடைத்தால் அதற்கும் இதே கட்டுப்பாடுதான். ஆகவே இலத்திரனின் சக்தி நினைத்தபடி ஏறாது, படிப்படியாகவே ஏறும். நரம்பின் மீடிறன்கள் 1, 2, 3 என்ற விகிதத்தில் உயர, பெட்டியுள் அடைபட்ட இலத்திரனின் சக்தி 1, 4, 9 என உயரும். இடைப்பட்ட படி கிடையாது.

அன்னையார் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், "அப்ப அந்த அலை எந்தத் தண்ணியில எழும்புது?" என்றார்.

எந்தப் பரீட்சையிலும் என்னிடம் கேட்கப்படாத வினா அது! 1926இல் மக்ஸ் போர்ண் அளித்த விளக்கத்தின்படி, அவ்வலை நீரலைபோல் ஒரு பொருளின் அசைவன்று. அதன் வீச்சத்தின் வர்க்கம், இலத்திரன் எங்கே காணப்படக்கூடும் என்பதற்கான நிகழ்தகவைத் தருகின்றது. ஐன்ஸ்டைன் போன்ற மேதைக்கும் இவ்விளக்கம் நிறைவளிக்கவில்லை. அதன் உட்பொருள் பற்றிய விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. இவற்றையெல்லாம் அன்னையாருக்குச் சொல்லப் புகுந்தபோதுதான் பாடத்தின் ஆழம் எனக்கே புலனாயிற்று.

மாணவ நண்பர்களே! பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதுங்கள், அதிற் குறையொன்றுமில்லை. ஆயினும் கற்றதை வீட்டாருக்குத் தாய்மொழியில் ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள். சமன்பாட்டைத் தீர்ப்பது ஒன்று. அதன் பொருளை உணர்வது வேறொன்று. பள்ளிப் படிப்பு அதிகமில்லாதவர் கேட்கும் எளிய வினா, பேரறிஞர்கள் தயங்கி நின்ற இடத்துக்கே உங்களையும் அழைத்துச் செல்லக்கூடும்.