தாத்தாவின் பேப்பர் கட்டு

தாத்தா போன பிறகு எங்க ராயப்பேட்டை வீட்டுப் பரண்ல மிஞ்சினது பேப்பர் கட்டுதான். எடைக்குப் போட்டுடலாம்னு அம்மா சொன்னாங்க. பாட்டி விடலை. "ஊற வை, கூடை பண்ணலாம்."

நீங்க யூடியூப்ல பேப்பர் மஷே பார்த்திருப்பீங்க. அதுக்கு ஃபெவிகால் வேணும். பாட்டிக்கு வெந்தயம் போதும். பேப்பரைக் கிழிச்சு ரெண்டு நாள் ஊறவெச்சு, பிழிஞ்சு, ஊறின வெந்தயத்தோட அரைக்கணும் (பழைய மிக்ஸி ஜார்ல, புதுசுல அரைச்சா அம்மா சும்மா விட மாட்டாங்க). வெந்தயத்துல இருக்கிற கேலக்டோமேனன்ங்கிற பிசின்தான் கூழைப் பிடிச்சு நிறுத்துது. கசப்புக்குப் பூச்சி வராதுங்கிறது பாட்டி கணக்கு. கூழைக் கவிழ்த்த பாத்திரத்து மேல துணி போட்டு, ஒரு விரல் கனத்துக்கு அப்பி, மொட்டைமாடியில காய வைக்கணும்.

கிழிக்கிறதுதான் கஷ்டம். குறுக்கெழுத்துக் கட்டங்கள் முழுக்கத் தாத்தாவோட நீலப் பேனா எழுத்து. இங்கிலீஷ் மீடியம் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். "இப்படியே படிச்சா பொங்கலுக்குத்தான் கூடை"ன்னாங்க பாட்டி. ஒரே ஒரு பக்கத்தை மட்டும் ஒளிச்சு வெச்சேன்.

முதல் கூடையை மறுநாளே அவசரப்பட்டுக் கழட்டினேன், ரெண்டா விரிஞ்சிடுச்சு. அதையும் ஊறவெச்சு மறுபடி அரைச்சோம். அடுத்தது நாலு நாள் வெயில் வாங்கிச்சு. பாட்டி மஞ்சள் பெயிண்ட் அடிச்சு, ஓரத்துல வெள்ளையில கோலம் போட்டாங்க.

இப்போ அதுல தாத்தா கண்ணாடி, பாட்டியோட மாத்திரை அட்டை, என் ஹால் டிக்கெட். அடியில அந்த ஒரு பக்கமும் மடிச்சு இருக்கு. பாட்டிக்குத் தெரியும்னு நினைக்கிறேன்.