வேகமா தொறக்குது, ஆனா அச்சாக மாட்டேங்குது

மக்கா, இது என் மானம் போன கதை. யார்கிட்டயாவது சொல்லாம இருந்தா தூக்கம் வராது போல, அதான் எழுதிட்றேன்.

எங்கப்பா சங்கரன்கோவில்ல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார். கடையில இருந்த பொட்டி நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், சுத்துற ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில பட்டனை அமுக்கிட்டு, வாசல் தெளிச்சு, சாமி படத்துக்குப் பூ வச்சு, டீயும் குடிச்சுட்டு வந்தா அப்பத்தான் டெஸ்க்டாப் வந்திருக்கும். அப்பாவுக்கு அது ஒரு குறையாவே தெரியல. 2023 பொங்கலுக்கு ஊருக்குப் போன எனக்குத்தான் கை அரிச்சுது. படிச்ச படிப்பு சும்மா இருக்க விடுமா?

கடைக்கு லீவு. ராத்திரி உக்காந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். நான் ஒண்ணுமே பண்ணாம இருக்கும்போதே டிஸ்க் 100 சதவீதத்துல நிக்குது. ஸ்டார்ட்-அப் பக்கத்துல போய்ப் பார்த்தா, ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமே இருக்கு. என்னைக்கோ ஒருநாள் யாரோ போட்டுவிட்ட பாட்டு மென்பொருள், மூணு அப்டேட்டர், மை அளவு காட்டுற ஒண்ணு... எல்லாத்தையும் டிசேபிள் பண்ணேன். அதோட நிறுத்தியிருக்கலாம். இந்தப் பக்கத்துல எதை அணைச்சாலும் பெரிசா ஒண்ணும் கெட்டுப் போகாது, வேணும்னா கையால திறந்துக்கலாம்.

விட்டேனா? நேரா சர்வீசஸ் பட்டியலுக்குப் போனேன். சிஸ்மெயின், அதாவது விஸ்டா காலத்துல சூப்பர்ஃபெட்ச்னு வந்தது, அடிக்கடி திறக்குற நிரல்களை முன்கூட்டியே ராம்ல ஏத்தி வைக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்ல சிலசமயம் அதுவே பாரமாகிடும். அணை. விண்டோஸ் சர்ச் கோப்புகளை எல்லாம் துருவித் துருவி அட்டவணை போடும். அணை. இது ரெண்டும் தப்பில்ல, தேடும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகும், அவ்ளோதான்.

அடுத்து பிரிண்ட் ஸ்பூலர். 2021 ஜூலையில பிரிண்ட்நைட்மேர்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அச்சு வேலையே இல்லாத சர்வர்ல ஸ்பூலரை நிறுத்தி வைங்கன்னு அப்ப எல்லா இடத்துலயும் சொன்னாங்க. ஆபீஸ்ல நானே பல சர்வர்ல நிறுத்தியிருக்கேன். கை பழகிப்போச்சு. டிசேபிள். பக்கத்துலயே விண்டோஸ் இமேஜ் அக்விசிஷன். படம் எடுக்குற சமாச்சாரம் நமக்கு எதுக்கு? டிசேபிள். பிரிண்டரும் ஸ்கேனரும் துணி போர்த்திக்கிட்டு ரெண்டடி தள்ளி உக்காந்திருக்கு. நான் திரும்பிக்கூடப் பார்க்கல.

ரீஸ்டார்ட் பண்ணா ஒன்றரை நிமிஷத்துல டெஸ்க்டாப். அப்பாவைத் தூக்கத்துல எழுப்பிக் காட்டினேன். "பரவால்லியேல"ன்னார். எங்கப்பா வாய்ல அது வர்றது பத்து வருஷத்துக்கு ஒருதடவை. அடுத்த நாள் சாயங்காலம் பஸ் ஏறிட்டேன்.

மறுநாள் காலையில சில்க் போர்டு சிக்னல்ல நிக்கும்போது போன். "ஏல தம்பி, பொட்டி வேகமா தொறக்குது. ஆனா ஒண்ணும் அச்சாக மாட்டேங்குது. ஸ்கேனரையும் காணோங்குது."

வயித்துல புளியைக் கரைச்சுது. கடையில ஆறேழு பேர் நிக்கறாங்களாம். அதுல ஒரு பொண்ணுக்கு அரசு வேலை விண்ணப்பத்துக்கு அன்னிக்குத்தான் கடைசி நாள், கையெழுத்தை ஸ்கேன் பண்ணி ஏத்தணும். "என் பையன் எஞ்சினியரு, இப்ப சரி பண்ணிருவான்"னு அப்பா அவங்ககிட்ட வேற சொல்லிட்டிருக்கார். எனக்குக் காது கூசுது. அணைச்சுப் போட்டுப் பார்த்தாராம். டிசேபிள்னு பூட்டி வச்சதை எத்தனை தடவை ரீஸ்டார்ட் பண்ணாலும் எழுந்திருக்காதே!

விண்டோஸ் சாவியையும் ஆர்-ஐயும் சேர்த்து அமுக்கச் சொல்லி, சர்வீசஸ்.எம்எஸ்சியை ஒவ்வொரு எழுத்தா சொன்னேன். மூணு தடவை தப்பாச்சு. பின்னாடி ஒருத்தர், "அண்ணாச்சி, நான் வேற கடைக்குப் போறேன்"ங்கறது கேட்டுச்சு. அப்புறம்தான் அந்தப் பொண்ணே போனை வாங்கி, "அண்ணே, சொல்லுங்க, நான் பண்றேன்"னுச்சு. ரெண்டையும் ஆட்டோமேட்டிக்னு மாத்தி ஸ்டார்ட் கொடுக்க, நாலே நிமிஷம். திரும்பக் கொடுத்த பிரிண்ட் எல்லாம் கடகடன்னு வர்ற சத்தம் போன்ல கேட்டுச்சு.

"எதைண்ணே மாத்தி வச்சீங்க?"ன்னு கேட்டுச்சு. சொன்னேன். ஒரு நொடி சத்தமில்ல. "ஜெராக்ஸ் கடையிலயா?"ன்னுச்சு. அவ்வ்வ்!

இப்பல்லாம் சர்வீஸ்ல கை வைக்கணும்னா முதல்ல தாள்ல எழுதி வச்சிக்கறேன். டிசேபிளுக்குப் பதிலா மேனுவல்னு போடறேன், தேவைப்பட்டா பெரும்பாலும் தானா எழுந்துக்கும். உண்மையில அந்தப் பொட்டிக்குத் தேவைப்பட்டது ஒரு எஸ்எஸ்டி மட்டும்தான். அடுத்த லீவுல வாங்கி மாட்டினேன். நான் அணைச்ச மத்தது எல்லாம் அதுக்கு முன்னாடி ஜுஜுபி. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சுபோச்சு, 11 அந்தப் பழைய ஐ3-ஐச் சேர்த்துக்காது. அதனால இப்ப கடைக்குப் புதுப் பொட்டி வந்தாச்சு.

போன மாசம் அதை நான்தான் அமைச்சுக் கொடுத்தேன். அப்பா ஸ்டூலைப் பக்கத்துல இழுத்துப் போட்டு, கடைசிவரை என் கையையே பார்த்துட்டிருந்தார். முடிச்சு எழுந்திருக்கப் போனா விடல.

"ஒரு பிரிண்ட் எடுத்துக் காமி. அப்புறமா ஒரு ஸ்கேன்."